காந்தத்தைத் திருப்புவது ஒளியா, படிகமா?

கேள்வி இது: "காந்தப் படிகம் ஒன்றின் மீது லேசர் ஒளியை ஒரே ஒரு முறை பாய்ச்சி, அதன் வடமுனையையும் தென்முனையையும் இடம் மாற்றிவிடலாம் என்கிறார்கள். பக்கத்தில் வேறு காந்தமோ கம்பிச்சுருளோ கிடையாதாம். ஒளிக்கு அந்த வலு எப்படி வந்தது? வெறுமனே சூடேற்றுவதைத்தான் இப்படிப் பெரிதாகச் சொல்கிறார்களா? இனி ஹார்டு டிஸ்க்குகள் எல்லாம் இப்படித்தான் எழுதப்போகின்றனவா?"

மூன்று சந்தேகங்களும் நியாயமானவை. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடியும், அறை வெப்பநிலையிலேயே செய்தும் காட்டிவிட்டார்கள். சில பொருள்களில் சூடுதான் காரணம்; வேறு சிலவற்றில் சூட்டுக்கு அநேகமாக வேலையே இல்லை. ஆனால் இவற்றில் எதிலுமே ஒளி காந்தத்தைப் பிடித்துத் திருப்புவதில்லை. காந்தம் நின்றுகொண்டிருக்கும் தரையை ஒரு கணம் சாய்த்துவிடுகிறது, அவ்வளவுதான். திரும்பும் வேலையைக் காந்தமே பார்த்துக்கொள்கிறது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பொருளின் உள்ளமைப்பு முடிவுசெய்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை சுலபம்.

"ஒளியும் மின்காந்த அலைதானே, அதற்குள் காந்தப்புலம் இருக்கிறதே, அதுவே திருப்பிவிடாதா?" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தச் சோதனைகளில் வழக்கமாக வரும் ஒரு லேசர் துடிப்பை, அதாவது கணநேர ஒளி வீச்சை, எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு 1 மில்லிஜூல் ஆற்றல், நீளம் 50 ஃபெம்டோ விநாடி. ஒரு விநாடியைக் கோடியால் வகுத்து, வரும் துண்டை மறுபடி பத்துக் கோடியால் வகுத்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ விநாடி. இந்தத் துடிப்பின் உச்சத்தில் காந்தப்புலம் சுமார் 1.3 டெஸ்லா. குறைவில்லைதான். ஆனால் 800 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அது 1.3 ஃபெம்டோ விநாடிக்கு ஒரு முறை திசை மாறுகிறது. எலக்ட்ரானைக் குட்டிக் காந்தமாக்கும் அதன் உள்ளார்ந்த சுழற்சிக்கு ஸ்பின் என்று பெயர். ஒரு டெஸ்லா புலத்தில் எலக்ட்ரானின் ஸ்பின் விநாடிக்கு 2,800 கோடி சுற்றுச் சுற்றும். கேட்க வேகமாக இருந்தாலும், 1.3 ஃபெம்டோ விநாடியில் அது நகர்வது ஒரு பாகையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அடுத்த அரை அலை வந்து அதையும் அழித்துவிடும். ஆக, அந்தக் கதவு மூடியாயிற்று.

இன்னொரு கதவும் உண்டு. இடம்புரியாகவோ வலம்புரியாகவோ முறுக்கிக்கொண்டு செல்லும் ஒளியில் ஒவ்வொரு ஃபோட்டானும், அதாவது ஒவ்வோர் ஒளித்துகளும், ஓர் அலகு கோண உந்தத்தை (சுழற்சியின் அளவை) சுமந்து வருகிறது. காந்தத்தன்மை என்பதே ஸ்பின்களின் கோண உந்தம்தான். ஒளி தன்னுடையதைக் கொடுத்துக் காந்தத்தைத் திருப்பலாமே? இங்கும் கணக்கு காலை வாரிவிடுகிறது. 20 நானோமீட்டர் தடிமனுள்ள உலோகப் படலம் மேற்சொன்ன ஆற்றல் முழுவதையும் விழுங்கினாலும், முப்பது நாற்பது அணுக்களுக்கு ஒரு ஃபோட்டான்தான் கிடைக்கிறது. ஓர் இரும்பு அணுவின் காந்தத்தைத் தலைகீழாக்க இரண்டு அலகு கோண உந்தமாவது கைமாற வேண்டும். வரவு தேவையில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. வட்டமாகச் சுழலும் ஒளி காந்தத்தைச் சுழற்றுகிறது என்று பல விளக்கப் படங்களில் திருகாணி போல வரைந்து காட்டுகிறார்கள். பார்க்க அழகான படம், நம்பிவிடாதீர்கள்.

அப்படியானால் கோண உந்தம் எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது? படிகத்தின் அணிக்கோவைக்கு, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட சட்டகத்துக்குத்தான் போகிறது, அங்கிருந்துதான் வருகிறது. ஓர் இரும்புத் தண்டைத் தொங்கவிட்டு அதன் காந்தத்தை மாற்றினால் தண்டே இலேசாகச் சுழலும் என்று 1915இல் ஐன்ஸ்டைனும் டி ஹாஸும் காட்டினார்கள். ஸ்பின் இழந்ததைத் தண்டு வாங்கிக்கொள்கிறது. அதே கொடுக்கல் வாங்கல் ஃபெம்டோ விநாடிக் கணக்கிலும் நடக்கிறது. 2022இல் ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் குழுவினர் நிக்கலில் பார்த்தது இதைத்தான்: லேசர் பட்டுக் காந்தம் மங்கிய அதே வேகத்தில், அணுக்கள் தங்கள் இடத்திலேயே சிறு வட்டமிடத் தொடங்கியிருந்தன. ஒளி இந்தப் பரிமாற்றத்தைத் தொடங்கிவைக்கிறதே தவிர, அதற்கான மூலதனத்தைப் போடுவதில்லை.

இனி காந்தத்தைப் பிடித்துவைத்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். இரண்டு கட்டுகள் உண்டு. அண்டை அணுக்களின் ஸ்பின்களை ஒன்றுக்கொன்று இணையாகவோ எதிராகவோ நிறுத்திவைக்கும் பரிமாற்ற விசை முதலாவது. இது முரட்டு விசை. இதைக் குலைக்க இரும்பை 1043 கெல்வின் வரை சூடேற்ற வேண்டும். இரண்டாவது கட்டு மென்மையானது. அணிவகுத்த ஸ்பின்கள் மொத்தமாக எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று படிகம் விதிக்கும் விருப்பத் திசை அது. சில அச்சுகளின் வழியே நிற்பது காந்தத்துக்குச் சௌகரியம், மற்றவற்றின் வழியே நிற்பது சங்கடம். மேடு பள்ளமான நிலத்தில் கிடக்கும் உருண்டையாக இதைக் கற்பனை செய்யலாம். பள்ளங்கள்தாம் 0, 1 என்று நாம் எழுதும் நிலைகள். முதல் கட்டைவிட இந்த இரண்டாவது கட்டு ஆயிரக்கணக்கான மடங்கு பலவீனமாகவும் இருக்கக்கூடும். ஒளியால் திருப்பும் முறைகளை நான் இப்படித்தான் பிரித்துப் பார்ப்பேன்: முதல் கட்டோடு மோதுபவை ஒரு வகை, இரண்டாவதை நெம்புபவை இன்னொரு வகை. மோதுவதற்குச் சூடு வேண்டும். நெம்புவதற்கு வேண்டாம்.

மோதல்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. 1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் பொர்பேரும் பிகோவும் அவர்களுடைய சகாக்களும் நிக்கல் படலம் ஒன்றின் மீது 60 ஃபெம்டோ விநாடி லேசர் துடிப்பைச் செலுத்தினார்கள். படலத்தின் காந்தத்தன்மை ஒரு பிக்கோ விநாடிக்குள், அதாவது ஆயிரம் ஃபெம்டோ விநாடிக்குள், சரிந்துவிட்டது. அணுக்களின் அதிர்வு வழியாகச் சூடு மெல்லப் பரவி ஸ்பின்களை எட்டுவதற்குப் பல பத்துப் பிக்கோ விநாடிகளாவது ஆகும் என்பதே அதுவரை இருந்த எண்ணம். எலக்ட்ரான்கள் நேரடியாகச் சூடாகி, அணிக்கோவை விழித்துக்கொள்ளும் முன்பே காந்தம் குலைந்துபோயிருந்தது. ஏன் இவ்வளவு வேகம் என்ற சண்டை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. நமக்கு இங்கே அது தேவையில்லை. குலைப்பது வேறு, திருப்புவது வேறு. நிக்கலில் நடந்தது வெறும் குலைப்புதான்.

திருப்புதல் 2007இல் வந்தது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ராசிங், கிமெல், கிரில்யுக் ஆகியோர் இருந்த குழு, கடோலினியம், இரும்பு, கோபால்ட் சேர்ந்த உலோகக் கலவைப் படலத்தில் 40 ஃபெம்டோ விநாடித் துடிப்புகளால் காந்தத் திசையை மாற்றிக் காட்டியது. வெளியிலிருந்து காந்தப்புலம் எதுவும் கொடுக்கப்படவில்லை. வலம்புரி ஒளி ஒரு திசையில் எழுதியது, இடம்புரி ஒளி எதிர்த்திசையில் எழுதியது. ஒளியின் முறுக்குத்தான் காந்தத்தைத் திருப்புகிறது என்று எல்லோரும் முடிவுகட்டியது அப்போதுதான். முடிவு ஐந்தாண்டுகூட நிலைக்கவில்லை. முறுக்கே இல்லாமல் ஒரே தளத்தில் அதிரும் சாதாரண ஒளியும், ஏன் வெறும் சூடேற்றமும்கூட, அதே கலவையைத் திருப்பிவிடும் என்று 2012இல் ஆஸ்ட்லரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். இரண்டு முறுக்குகளுக்கும் இடையே தெரிந்த வேறுபாட்டுக்குக் காரணம் மிக எளிது: ஒரு திசைக் காந்தம் வலம்புரி ஒளியைச் சற்றே அதிகமாக உறிஞ்சுகிறது, எதிர்த்திசைக் காந்தம் இடம்புரி ஒளியை. அதிகமாக உறிஞ்சுகிற பகுதி திரும்பும் வாசலைத் தாண்டுகிறது, மற்றது தாண்டுவதில்லை.

வெறும் சூடு எப்படித் திசையை மாற்றும்? சூட்டுக்கு ஏது திசை? கேள்வியில் இருந்த சந்தேகத்தின் மையமே இதுதான் என்று நினைக்கிறேன். விடை கலவையின் உள்ளே இருக்கிறது. அதில் இரண்டு அணிகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன: இரும்பு அணி மேல்நோக்கி என்றால் கடோலினியம் அணி கீழ்நோக்கி. துடிப்பு பட்டதும் இரண்டும் காந்தத்தை இழக்கத் தொடங்குகின்றன. ஆனால் ஒரே வேகத்தில் இழப்பதில்லை. 2011இல் ராடுவும் சகாக்களும் பெர்லினில் உள்ள சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இரண்டு அணிகளையும் தனித்தனியே படம்பிடித்தார்கள். இரும்பு சுமார் 300 ஃபெம்டோ விநாடியில் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது. கடோலினியத்துக்கு 1.5 பிக்கோ விநாடி பிடித்தது. இடைப்பட்ட நேரத்தில் கடோலினியம் தன் கோண உந்தத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பரிமாற்ற விசை வழியே அதை வாங்கிக்கொள்ளும் இரும்பு, பூஜ்யத்தோடு நிற்காமல் மறுபக்கம் வளரத் தொடங்குகிறது. ஆகவே ஒரு பிக்கோ விநாடி அளவுக்கு, ஜென்ம விரோதிகளான இரண்டு அணிகளும் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. பிறகு சூடு தணியும்போது இரும்பு தன் புதிய திசையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. கடோலினியம் வழக்கம்போல அதற்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. சூட்டுக்குத் திசை தேவைப்படவே இல்லை. மேலே இருந்தால் கீழே, கீழே இருந்தால் மேலே. அறையின் விளக்கு ஸ்விட்ச் போலத்தான்: அழுத்துகிற விரலுக்கு விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று தெரிய வேண்டியதில்லை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். காந்தத்தன்மை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப, ஊடுருவிச் செல்லும் ஒளியின் அதிர்வுத் தளம் இடமாகவோ வலமாகவோ இலேசாகத் திரும்பும். 1845இல் ஃபாரடே கண்டது இது. நுண்ணோக்கியின் இரு பக்கமும், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற தளவடிகட்டிகளைச் செருகி, ஒன்றைச் சற்றுத் திருப்பிவைத்தால், மேல்நோக்கிய பகுதி வெளுப்பாகவும் கீழ்நோக்கிய பகுதி கறுப்பாகவும் திரையில் தெரியும். முதலில் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோய் முழுப் படலத்தையும் வெளுப்பாக்கிவிட்டு, காந்தத்தை அகற்றிவிடுகிறோம். ஒரு துடிப்பு: திரையில் ஒரு கறுப்பு வட்டம், ஓரம் வெட்டினாற்போல. அதே இடத்தில் இரண்டாவது துடிப்பு: வட்டம் காணாமல்போய்விடுகிறது. மூன்றாவது: மறுபடி கறுப்பு. துடிப்புகளுக்கிடையே படலத்தை அரை வட்டம் நகர்த்திக்கொண்டே போனால், இரண்டு முறை அடிபட்ட இடங்கள் வெளுப்பாகவும் ஒரு முறை அடிபட்டவை கறுப்பாகவும் பிறைகள் கோத்த சங்கிலி ஒன்று உருவாகும். துடிப்பின் ஆற்றலை வேண்டுமென்றே கூட்டிப் பாருங்கள்: வட்டத்தின் நடுவில், ஒளி மிகக் கடுமையாகப் பட்ட இடத்தில், கறுப்பும் வெளுப்பும் கலந்த ஒழுங்கற்ற புள்ளிக்கோலம் தோன்றும், அதைச் சுற்றி மட்டும் சுத்தமான கறுப்பு வளையம். நடுவில் நடந்தது குலைப்பு. ஆறும்போது ஒவ்வொரு பகுதியும் தன் இஷ்டத்துக்கு ஒரு திசையைத் தேர்ந்துகொண்டது. வளையத்தில் நடந்ததுதான் திருப்புதல். "லேசரால் காந்தத்தைத் திருப்பினோம்" என்று யார் படம் காட்டினாலும் நான் முதலில் தேடுவது இந்தப் புள்ளிக்கோலத்தைத்தான். அது மட்டும்தான் இருக்கிறது என்றால், அவர்கள் படலத்தைச் சுட்டிருக்கிறார்கள், திருப்பவில்லை.

கடோலினியக் கலவை கண்ணாடியைப் போல ஒழுங்கற்ற திண்மம், படிகம் அன்று. நீங்கள் கேட்டது படிகங்களைப் பற்றி. சூட்டு வழி படிகத்திலும் வேலை செய்யும்: மாங்கனீசு, ருத்தேனியம், காலியம் மூன்றும் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகப் படலம் ஒரே துடிப்பில் திரும்புகிறது என்று டப்ளினின் டிரினிட்டி கல்லூரிக் குழு காட்டியிருக்கிறது. அதில் எதிரெதிர் அணிகள் இரண்டுமே மாங்கனீசுதான். கடோலினியம் போன்ற அருமண் தனிமத்துக்கே அவசியம் இல்லை. கோபால்ட்டும் பிளாட்டினமும் மாறி மாறி அடுக்கிய படலங்களிலும் 2014இல் ஒளியால் எழுதிக் காட்டினார்கள். ஆனால் அங்கே ஒரு துடிப்பு போதவில்லை, அடுத்தடுத்துப் பல துடிப்புகள் வேண்டியிருந்தன. இவை எல்லாம் முதல் கட்டோடு மோதுகிற இனம்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது இனம். அங்கேதான் படிகம் படிகமாக இருப்பதற்கே மதிப்பு. அதன் தொடக்கம் 2005இல், அதே நைமேகனில். டிஸ்ப்ரோசியம் ஆர்த்தோஃபெரைட் என்ற படிகம் ஒளியைக் கொஞ்சம்தான் உறிஞ்சும். அதில் 200 ஃபெம்டோ விநாடி நீள வலம்புரித் துடிப்பைச் செலுத்தினால் ஸ்பின்கள் பம்பரம் தலையாட்டுவது போல ஆடத் தொடங்கின. இடம்புரித் துடிப்பைச் செலுத்தினால் அதே ஆட்டம் எதிர்ப்பக்கமாகத் தொடங்கியது. சூடு மட்டும் காரணமாக இருந்தால் முறுக்கை மாற்றியதும் ஆட்டம் ஏன் தலைகீழாக வேண்டும்? ஃபாரடே கண்டதில் காந்தம் ஒளியைத் திருப்புகிறது. இங்கே ஒளி காந்தத்தை அசைக்கிறது. 1960களின் தொடக்கத்திலேயே சோவியத் இயற்பியலாளர் பிதாயெவ்ஸ்கி கோட்பாட்டளவில் சொல்லியிருந்த தலைகீழ் ஃபாரடே விளைவு இதுவே. ஒளி உறிஞ்சப்படாமல் கடந்துபோகிறது. போகிற போக்கில் எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளை ஒரு கணம் இடம்பெயர்த்துவிடுகிறது. அதை ஸ்பின்கள் காந்தப்புலம் வந்ததாக உணர்கின்றன. ஆனால் அங்கே கிடைத்தது ஆட்டம் மட்டும். பள்ளத்தில் கிடந்த உருண்டை ஆடியது, மேட்டைத் தாண்டவில்லை.

தாண்டியது 2017இல். போலந்தின் பியாவிஸ்டோக் நகரைச் சேர்ந்த ஸ்டுபாகியேவிச் நைமேகன் குழுவோடு சேர்ந்து செய்த சோதனை. பொருள், இட்ரியம் இரும்பு கார்னெட்: 1956 முதல் நுண்ணலைக் கருவிகளில் பழகிய பழம் படிகம். மின்கடத்தாது, அகச்சிவப்பில் கண்ணாடி போலத் தெளிவானது. அதில் இரும்பு அணுக்கள் சிலவற்றின் இடத்தில் கோபால்ட்டை அமர்த்தினார்கள். தந்திரம் முழுவதும் கோபால்ட்டில்தான் இருக்கிறது. கோபால்ட் அயனியில் எலக்ட்ரானின் சுற்றுப்பாதையும் ஸ்பின்னும் இறுகப் பிணைந்திருப்பதால், படிகத்தின் விருப்பத் திசையை முடிவுசெய்வதில் அதற்குத் தன் எண்ணிக்கையை மீறிய செல்வாக்கு. கூட்டத்தில் சிலரே இருந்தாலும் அவர்கள் சொல்வதுதான் நடக்கும். 1300 நானோமீட்டர் அலைநீள ஒளி மற்ற அணுக்களைத் தொடாமல் இந்த அயனிகளைக் குறிவைத்துக் கிளர்த்துகிறது. கிளர்ந்த கோபால்ட்டின் எலக்ட்ரான் வேறு சுற்றுப்பாதைக்குப் போய்விடுவதால், அது விதித்திருந்த விருப்பத் திசையும் மாறிவிடுகிறது. நிலத்தின் மேடு பள்ளங்களே மாறிப்போகின்றன. நேற்றுவரை பள்ளமாக இருந்த இடம் இப்போது சரிவு. காந்தத்தன்மை அந்தச் சரிவில் தலையாட்டிக்கொண்டே அடுத்த பள்ளத்துக்கு நகர்கிறது. கிளர்ச்சி அடங்கி நிலம் பழையபடி ஆகும்போது அது மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. எல்லாமே சில பத்துப் பிக்கோ விநாடிக்குள் முடிந்துவிடுகிறது.

படிகத்தின் பங்கு இங்கேதான் பளிச்சென்று தெரியும். பயன்படுத்தியது முறுக்கிய ஒளி அன்று, ஒரே தளத்தில் அதிரும் சாதாரண ஒளி. அதன் மின்புலம் படிகத்தின் ஓர் அச்சுக்கு இணையாக அதிர்ந்தால் ஒரு தொகுதிக் கோபால்ட் அயனிகள் கிளர்கின்றன, காந்தம் ஒரு பக்கம் திரும்புகிறது. தளத்தை 90 பாகை திருப்பி அடுத்த அச்சுக்கு இணையாக்கினால் வேறு தொகுதி கிளர்கிறது, காந்தம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அதே தளத்தில் மறுபடி மறுபடி அடித்தாலும் எழுதியது எழுதியதுதான், அழியாது. கடோலினியக் கலவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே துடிப்புகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கே எண்ண வேண்டியதில்லை: இந்தத் தளம் என்றால் 0, அந்தத் தளம் என்றால் 1. ஒழுங்கற்ற கலவையில் இது நடக்காது, ஏனென்றால் அதில் இணையாக வைத்துக்கொள்ள அச்சே கிடையாது.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். தூய இட்ரியம் இரும்பு கார்னெட்டுக்குப் பெருமையே அதில் ஸ்பின் ஆட்டம் எளிதில் அடங்காது என்பதுதான். நுண்ணலைப் பொறியாளர்கள் அதற்காகவே அதை விரும்புகிறார்கள். கோபால்ட் சேர்த்ததும் அந்தப் பெருமை போய்விடுகிறது, ஆட்டம் சட்டென்று அடங்கிவிடும். திருப்புகிறவர்களுக்கு அதுதான் வரம். ஆட்டம் நீடித்தால் மேட்டைத் தாண்டிய உருண்டை உருண்டுபோய் மறுபடி பழைய பள்ளத்திலேயே விழக்கூடும். சீக்கிரம் அடங்கினால் புதிய பள்ளத்தில் தங்கிவிடும்.

சூடா இல்லையா என்ற சந்தேகத்துக்கு எண்ணாலேயே விடை சொல்லிவிடலாம். இந்தக் கார்னெட்டில் திருப்புவதற்கு உறிஞ்சப்படும் ஆற்றல் ஒரு கன செ.மீ.க்கு 6 ஜூலுக்கும் குறைவு. அது முழுவதும் சூடாக மாறினாலும் வெப்பநிலை ஓரிரு கெல்வின்தான் உயரும். முதலில் சொன்ன 20 நானோமீட்டர் உலோகப் படலம் ஒரு சதுர செ.மீ.க்கு 1 மில்லிஜூலை உறிஞ்சினால் கன செ.மீ.க்கு 500 ஜூல் ஆகிறது. எலக்ட்ரான்கள் ஒரு கணம் ஆயிரம் கெல்வினைத் தாண்டிவிடும். கிட்டத்தட்ட நூறு மடங்கு வித்தியாசம். ஆனால் இந்தக் கணக்கை மேடையில் சொல்கிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுவது உண்டு. கார்னெட் தெளிவான பொருள். விழுகிற ஒளியில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் மறுபக்கம் வெளியேறிவிடுகிறது. படிகம் குறைவாகத்தான் உண்கிறது, ஆனால் லேசர் நிறையப் பரிமாற வேண்டியிருக்கிறது.

எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அணுக்களையே நேரடியாக அசைத்தால்? 2021இல் அதையும் செய்தார்கள். நைமேகனில் உள்ள கட்டற்ற எலக்ட்ரான் லேசரின் நடு அகச்சிவப்புத் துடிப்புகளை, அணிக்கோவையின் இயல்பான அதிர்வெண்களுக்கு இசைவாக வைத்து, கார்னெட் படலத்தின் மீது பாய்ச்சினார்கள். அதிர்ந்த அணிக்கோவை சற்றே உருமாறியது, உருமாற்றம் விருப்பத் திசையைச் சாய்த்தது, காந்தம் திரும்பியது. திரும்பிய பகுதி வட்டமாகக்கூட இல்லை. துடிப்பு பட்ட இடத்தைச் சுற்றி நான்கு இதழ்களாக, படிகத்தில் இழுவிசை எப்படிப் பரவியதோ அப்படியே பதிவாகியிருந்தது. படிகம்தான் திசை சொல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எதிரெதிர் ஸ்பின்கள் சரிசமமாக நின்று, வெளியே காந்தமே தெரியாத படிகங்களும் இருக்கின்றன. அவற்றில் ஸ்பின் ஆட்டம் விநாடிக்கு லட்சம் கோடி முறை என்ற அளவுக்குப் போகும் என்பதால் வேகத்துக்கு ஆசைப்படுகிறவர்களின் கண் இப்போது அந்தப் பக்கம். இரும்பு, பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த அடுக்குப் படிகம் ஒன்று 118 கெல்வினுக்குக் கீழே இந்த நிலையை அடையும். அந்த வாசலுக்கு அருகில் வைத்து டெராஹெர்ட்ஸ் துடிப்பால் அதன் அணிக்கோவையை அதிரவைத்தபோது, சமநிலை குலைந்து நிகரக் காந்தம் ஒன்று தோன்றியது. துடிப்பு முடிந்து 2 மில்லி விநாடிக்கு மேலும் அது நீடித்தது. 2024இல் எம்.ஐ.டி.யின் கெடிக் குழு வெளியிட்ட முடிவு இது. பிக்கோ விநாடித் தட்டலுக்கு மில்லி விநாடி எதிரொலி என்பது இந்தத் துறையில் ஒரு யுகம். ஆனாலும் அது குளிரில்தான், அதுவும் தற்காலிகமாகத்தான்.

கடைசியாக ஹார்டு டிஸ்க். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். லேசர் பொருத்திய ஹார்டு டிஸ்க்குகள் ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்டன. பழைய மினிடிஸ்க்கிலும் லேசர் உண்டு. இரண்டிலும் லேசர் செய்வது ஒரு புள்ளியைச் சூடாக்கிக் காந்தத்தைத் தளர்த்துவது மட்டுமே. எந்தப் பக்கம் என்று எழுதுவது பக்கத்தில் இருக்கும் காந்தத் தலைதான். நான் மேலே சொன்னவற்றில் அந்தத் தலையே கிடையாது. விளம்பரங்களில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள்.

தலை இல்லாத முறை வீட்டுக் கணினிக்கு வருமா என்றால், அருகில் வரும் என்று நான் நினைக்கவில்லை. கார்னெட் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 நானோமீட்டர் நீளம், 20 அகலம், 10 தடிமன் கொண்ட ஒரு பிட்டுக்கு, கன செ.மீ.க்கு 6 ஜூல் என்ற கணக்கில் சுமார் 24 அட்டோஜூல் போதும். ஒரு ஜூலை நூறு கோடியால் இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் ஓர் அட்டோஜூல். மயங்கவைக்கும் எண்தான். ஆனால் அதை எழுத வேண்டிய ஒளியின் அலைநீளம் 1300 நானோமீட்டர். லென்ஸ் வைத்து எவ்வளவு குவித்தாலும் அந்த ஒளிப்புள்ளி அரை மைக்ரோமீட்டருக்குக் கீழே எளிதில் இறங்காது. ஒரு பிட்டை எழுதப் போய் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான பிட்டுகளையும் சேர்த்து எழுதிவிடும். தங்கத்தாலான நுண் ஆண்டெனாக்களைக் கொண்டு ஒளியைப் பத்துக்கணக்கான நானோமீட்டருக்குள் பிழிந்துவிடும் முயற்சிகள் நடக்கின்றன. உலோகம் ஒளியை விழுங்கித் தானும் சூடாகிவிடும் என்பது அங்கே தலைவலி. சூடில்லாமல் எழுதலாம் என்று புறப்பட்டவர்களுக்கு அது இரட்டைத் தலைவலி. அதோடு ஃபெம்டோ விநாடி லேசர் என்பது இன்றைக்கும் பெரும்பாலும் மேசையை அடைத்துக்கொள்ளும் கருவி. ஒளி ஏற்கெனவே வந்துபோய்க்கொண்டிருக்கும் இடங்களில், கண்ணாடி இழை வழியே வரும் தரவை மின்சாரமாக மாற்றாமல் அப்படியே காந்தத்தில் இறக்கிவைக்கும் சிப்களில், இது முதலில் தலைகாட்டலாம். அதற்கு வேண்டிய இரண்டு தகுதிகளும் கார்னெட்டுக்கு இருக்கின்றன: இழைகள் பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளி அதற்குள் தடையின்றிப் போகும், கோபால்ட் கிளர்கிற 1300 நானோமீட்டரும் இழைகளில் வழக்கமாக ஓடும் அலைநீளம்தான்.